ஆட்குறைப்பும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவமும்

முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவமும் உதவித்தொகையும் அளிக்கும் அமெரிக்க அரசின் படைவீரர் நலத்துறையில் 2025 ஜனவரித் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,84,000 பேர் பணியாற்றினார்கள். அந்த எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டின் அளவுக்கு, அதாவது நான்கு லட்சத்துக்குச் சற்றே கீழே கொண்டுவர வேண்டும் என்ற உள்சுற்றறிக்கை மார்ச் மாதத்தில் வெளிவந்தபோது, எண்பதாயிரம் பேருக்கு மேல் வேலையிழப்பார்கள் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. ஜூலையில் துறை அத்திட்டத்தைக் கைவிட்டது. ஓய்வு, தன்விருப்ப விலகல், காலியான இடங்களை நிரப்பாமல் விடுதல் ஆகியவற்றால் செப்டம்பர் முடிவுக்குள் முப்பதாயிரம் பேர் வரை குறைந்துவிடுவார்கள் என்றும், ஆகவே பெரும் பணிநீக்கம் தேவையில்லை என்றும் அறிவித்தது. பலர் நிம்மதியடைந்தார்கள். அத்துறை அனுப்பிவைக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு வெளியிலிருந்து மனநலச் சிகிச்சை அளிக்கும் ஓர் உளவியலாளராக, அந்த நிம்மதியை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

எந்தப் பணியிடம் காலியாகலாம், எது காலியாகக் கூடாது என்று தீர்மானித்துச் செய்யும் குறைப்பு ஒருவகை. யாருக்கு வெளியே வேலை கிடைக்கிறதோ, யார் களைத்துப்போனார்களோ அவர்கள் போகட்டும் என்று விடுவது வேறுவகை. நடந்தது பெரும்பாலும் இரண்டாவது. மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட லட்சக்கணக்கான பணியிடங்களுக்கு, 2025இல் அரசு விதித்த பணியமர்த்தல் தடையிலிருந்து விலக்கு இருந்தது என்று துறை சொல்வது உண்மைதான். ஆனால் விலக்கு அளிப்பதால் மட்டும் ஆள் வந்துவிடுவதில்லை. துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், மருத்துவ நிலையங்கள் கடும் ஆள்பற்றாக்குறை என்று குறித்த பணிப்பிரிவுகள் மொத்தம் 4,434 என்றும், இது முந்தைய ஆண்டைவிட 50 விழுக்காடு அதிகம் என்றும் கூறியது. மருத்துவப் பணிகளுள் மிகுதியான நிலையங்கள் பற்றாக்குறை என்று சொன்ன பிரிவு உளவியல். 57 விழுக்காடு நிலையங்கள் அவ்வாறு தெரிவித்தன. நிலையங்களின் சொந்த மதிப்பீட்டை வைத்து எழுதிய இந்த அறிக்கை உண்மையான காலியிடங்களைக் காட்டவில்லை என்று துறை மறுத்தது. அந்த மறுப்பையும் கருத்தில் கொண்டே சொல்கிறேன்: என் அறைக்கு வருபவர்கள் சொல்வது அறிக்கையோடுதான் ஒத்துப்போகிறது.

நோயாளியின் கண்ணில் படாத ஊழியர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பதிவு செய்பவர், பரிந்துரைக் கோப்பை நகர்த்துபவர், வெளிச் சிகிச்சைக்கான (துறைக்கு வெளியே தனியாரிடம் பெறும் சிகிச்சைக்கான) அனுமதியைப் புதுப்பிப்பவர், தொலைபேசியை எடுப்பவர் ஆகியோர் இல்லாவிட்டால் மருத்துவர் இருந்தும் பயனில்லை. போர் அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்கு நாங்கள் அளிக்கும் முதன்மையான உரையாடல் சிகிச்சைகள் வாரம் தவறாமல் தொடர வேண்டியவை. புதைத்து வைத்த நினைவை நோயாளியே மெல்ல எடுத்துச் சொல்லத் தொடங்கும் நான்காம், ஐந்தாம் வாரத்தில் அனுமதி காலாவதியாகி, புதுப்பிக்கும் மேசையில் ஆள் இல்லாததால் ஒன்றரை மாதம் இடைவெளி விழுந்தால், அது புண்ணைக் கழுவத் திறந்துவிட்டுக் கட்டாமல் அனுப்பிவைப்பதற்கு ஒப்பாகும். அப்படி நின்றுபோனவர்களில் சிலர் திரும்பி வருவதேயில்லை. வராதவர்களைக் காத்திருப்போர் பட்டியலிலும் காண முடியாது.

தனியார் மருத்துவர்களிடம் அனுப்பிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவத்துக்கான 2018ஆம் ஆண்டு ‘மிஷன்’ சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பொது மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் 20 நாட்களுக்குள்ளும், சிறப்பு மருத்துவத்துக்கு 28 நாட்களுக்குள்ளும் துறையால் நேரம் ஒதுக்க இயலாவிட்டால் வெளிச் சிகிச்சை கோரலாம். நல்ல ஏற்பாடுதான், நானே அதன் வழியாகத்தான் இவர்களைச் சந்திக்கிறேன். எனினும் அந்தப் பரிந்துரையை எழுதி அனுப்பி, பதிவேடுகளைச் சேர்ப்பிக்க வேண்டியவர்கள் அதே குறைக்கப்பட்ட ஊழியர்கள்தாம். இயலாமை உதவித்தொகை மனுக்களின் தேக்கம் 2025இல் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மனுவை முடித்துவைப்பதும் ஒரு மனிதரை வாரந்தோறும் பார்ப்பதும் ஒரே வகையான வேலை அல்ல.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. அத்துறை ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முன்னாள் படைவீரர்களே. 2025 பிப்ரவரியில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும், சில நாட்களில் மேலும் 1,400 பேரையும் நீக்கியபோது, வேலை, மருத்துவம் இரண்டுக்கும் ஒரே துறையை நம்பியிருந்தவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். வேலையிழப்பு தற்கொலை அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று. 2022இல் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தார்கள்.

அமெரிக்கப் படையில் பணியாற்றிய பிள்ளைகளோ, நண்பர்களோ, அண்டைவீட்டாரோ உங்களுக்கு இருந்தால், சில நடைமுறைகளை அவர்களிடம் இப்போதே சொல்லுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தை முன்கூட்டியே பதிவுசெய்தால், முழு மனுவை ஓராண்டுக்குள் அளித்தாலும், அனுமதிக்கப்படும் தொகை பெரும்பாலும் அந்தப் பதிவுத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். பதிவேடுகளின் நகலைத் தாமே வைத்திருக்க வேண்டும். வெளிச் சிகிச்சையின் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, பல வாரங்களுக்கு முன்பே புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். மனு எழுத அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் இலவசமாக உதவுவார்கள்; முதல் மனுவுக்கே கட்டணம் கேட்கும் நிறுவனத்தை அணுகவே கூடாது. கோப்பு எங்கோ சிக்கிக்கொண்டால், மருத்துவமனையின் நோயாளர் உரிமை அலுவலரையும், அங்கும் பயனில்லையெனில் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் அலுவலகத்தையும் எழுத்து மூலம் அணுகலாம்.

தற்கொலை எண்ணம் வந்தால் அமெரிக்காவில் 988 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து 1ஐ அழுத்த வேண்டும்; பகலிரவு எந்நேரமும் ஆள் இருப்பார்கள். தகுதியுள்ள முன்னாள் படைவீரர் துறையில் பதிவு செய்யாதவராக இருந்தாலும், அத்தகைய நெருக்கடியில் அருகிலுள்ள எந்த மருத்துவமனைக்கும் போகலாம். 2023 ஜனவரி முதல் அந்த அவசரச் சிகிச்சையின் செலவைத் துறையே ஏற்கிறது. அதற்கு முன்னனுமதி தேவையில்லை.