பாஸ்புக்கில் தெரியாத தவணையா? முதலில் மேண்டேட்டைக் கேளுங்கள்

வருமானவரி ரிட்டர்ன் போடுவதற்காக எங்கள் நாகர்கோவில் அலுவலகத்துக்கு வருபவர்கள், ஒரு வருடத்து பேங்க் ஸ்டேட்மெண்டையும் கொண்டுவருவார்கள். வரவுகளைப் பார்க்கத்தான் அதைக் கேட்கிறோம். ஆனால் பக்கத்தைப் புரட்டும்போது மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வெளியே போயிருப்பது கண்ணில் படும். கேட்டால், "நான் ஒரு லோனும் எடுக்கல்லியே சார்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாது.

அந்த வரி பெரும்பாலும் 'ஏசிஎச் டி' என்று தொடங்கும். பின்னால் ஒரு கம்பெனியின் பாதிப் பெயர், அதற்குப் பின் நீளமாக ஒரு எண். இது வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றங்களைக் கவனிக்கும் என்பிசிஐ என்ற அமைப்பு நடத்தும் 'நாச்' என்ற ஏற்பாடு. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டோ ஓடிபி சொல்லியோ கொடுத்த சம்மதத்தை வைத்து, கடன் கொடுத்த நிறுவனம் தவணையைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்தச் சம்மதத்துக்குத்தான் மேண்டேட் என்று பெயர். 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிற்றுக்கிழமையிலும் வங்கி விடுமுறையிலும்கூட இது ஓடுகிறது. 5ஆம் தேதி ஞாயிறு என்றால் திங்களன்று பணம் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

குழப்பம் பெரும்பாலும் பெயரில்தான். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ஓணம் தள்ளுபடியில் ஃபிரிட்ஜ் வாங்கியிருப்பீர்கள். ஸ்டேட்மெண்டில் கடையின் பெயர் வராது. கடைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரோ, அதற்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் இன்னொரு நிறுவனத்தின் பெயரோ வரும். மொபைல் ஆப்பில் எடுத்த கடனும் அப்படியே. ஆப்பின் பெயர் ஒன்று, உண்மையில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேறொன்று. எந்த ஆப் எந்த நிறுவனத்தோடு சேர்ந்தது என்ற பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. பெயர் தெரியவில்லை என்பதால் மட்டும் அது மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கிறேன். மகன் வளைகுடாவில் இருப்பான். அவன் ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவின் கணக்கைக் கொடுத்து டிவியோ போனோ தவணையில் எடுத்திருப்பான். லீவு முடிந்து அவன் போய்விடுவான், தவணை அம்மாவின் பென்ஷனிலிருந்து போய்க்கொண்டிருக்கும். எஸ்எம்எஸ் வரும் எண்ணும் மகனுடையதாக இருந்தால் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கடை மேஜையில் இருப்பவர்கள் வயதானவர்களிடம் "ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி மேண்டேட்டை முடித்துவிடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அந்த ஓடிபிக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கடனே இல்லாத பிடித்தங்களும் உண்டு. மே, ஜூன் வாக்கில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தால், அவை பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளுக்கான வருடப் பிரீமியம். கணக்கு தொடங்கும்போது போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். வேண்டாம் என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம்.

அப்புறம், சில ஸ்டேட்மெண்டுகளில் 295 ரூபாய் என்று ஒரு பிடித்தம் இருக்கும். இது தவணையே அல்ல. தவணை எடுக்க வந்தபோது கணக்கில் பணம் இல்லாததற்கு வங்கி போடும் கட்டணம்: 250 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 45 ரூபாய். தொகை வங்கிக்கு வங்கி மாறும். கணக்கில் எதுவுமே இல்லையென்றால் இது பாக்கியாக நிற்கும். குளச்சலிலோ முட்டத்திலோ கடலுக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் பட்டால்தான் பணம். மீன்பிடித் தடைக்காலத்தில் கணக்கு காலியாக இருக்கும், ஒவ்வொரு மாதமும் தவணை எடுக்க முடியாமல் திரும்பும். பிறகு என்றோ ஒரு நாள் பணம் வந்ததும் 295, 295, 295 என்று ஒரே நாளில் வரிசையாகப் போகும். இது போக ஃபைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் போடும். இப்படிப்பட்டவர்கள் கம்பெனியிடம் கேட்டுத் தவணைத் தேதியை மாற்றிக்கொள்வது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் அந்தக் கடனே அவர்களுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

பலரும் செய்யும் காரியம், கணக்கிலிருந்து பணத்தையெல்லாம் எடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டணம் ஏறும், கடன் உங்கள் பெயரில் இருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோர் இறங்கும். கிளைக்குப் போய் மேண்டேட்டை மட்டும் ரத்து செய்தாலும் கடன் ரத்தாகாது, வசூலிக்கும் வழிதான் அடைபடும்.

சரி, என்ன செய்வது? கிளைக்குப் போய், "இந்தப் பிடித்தத்துக்கான மேண்டேட் விவரம் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யுஎம்ஆர்என் என்ற 20 இலக்கக் குறியீடு உண்டு. நிறுவனத்தின் முழுப் பெயர், தொடங்கிய தேதி, முடியும் தேதி, அதிகபட்சத் தொகை எல்லாம் அதோடு பதிவாகியிருக்கும். அதிகபட்சத் தொகையைக் கட்டாயம் பாருங்கள். தவணை 2,000 ரூபாயாக இருந்தாலும் மேண்டேட் அதைவிடப் பல மடங்குக்கு எழுதப்பட்டிருப்பதுண்டு. அந்த விவரத்தை வைத்து நிறுவனத்திடம் கடன் ஒப்பந்தத்தையும் கணக்கு அறிக்கையையும் கேளுங்கள். நீங்கள் கேட்காத காப்பீடும் கூடுதல் வாரண்டியும் தவணைக்குள் ஒளிந்திருந்தால் அங்கேதான் வெளிவரும்.

கடன் உங்களுடையது இல்லவே இல்லை என்றால் ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் நடந்த மின்னணுப் பிடித்தத்தை, வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதித்தால் அந்த வங்கியின் கொள்கைப்படிதான். தவறு வங்கியுடையது என்றால் இந்த நாள் கணக்கே கிடையாது. ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு. எனவே உங்கள் கையில் இருக்கும் போன் எண்ணையே கணக்கில் பதிவு செய்யுங்கள்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, தொகை, யுஎம்ஆர்என் மூன்றையும் எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரை வாங்குங்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு கிடையாது. ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

கடனை முன்கூட்டியே முடித்த பிறகும் ஒரு தவணை போயிருப்பதாகச் சிலர் பதறி வருவார்கள். வசூல் பட்டியலைக் கம்பெனி சில நாட்களுக்கு முன்பே வங்கிக்கு அனுப்பிவிடுவதால் அப்படி நடக்கும். கடன் முடிந்ததற்கான சான்றிதழைக் காட்டிக் கேட்டால் திருப்பித் தந்தாக வேண்டும். நம் கடன் விவரங்களைப் பதிவு செய்து வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் முடிந்த கடன் இன்னும் பாக்கி என்றோ, எடுக்காத கடன் உங்கள் பெயரில் என்றோ இருந்தால் அங்கேயே திருத்தம் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு சேரும்.