பனையிலிருந்து எத்தனை மீட்டர்?

மிதிவெடி புதைக்கும் படைக்கு ஒரு கடதாசி வேலையும் உண்டு. அசையாத ஒரு பொருளை முதலில் தெரிவு செய்ய வேண்டும்: பனை, கிணற்றுக்கட்டு, மதகு, இப்படி ஏதாவது. அதிலிருந்து திசைகாட்டியில் இத்தனை பாகை, இத்தனை மீட்டர் தள்ளி முதல் வெடி. பிறகு எத்தனை வரிசை, ஒரு வெடிக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி என்று எழுதிப் படமும் கீறி வைப்பார்கள். தங்கள் ஆட்களே நாளைக்கு அதில் கால் வைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதப்படும் கணக்கு இது.

போர் முடிந்ததும் அந்தக் கடதாசி, வெடி அகற்றுபவர்களின் கைக்குப் போக வேண்டும். இராணுவத்துக்கும் மனிதாபிமான அமைப்புகளுக்கும் இடையில் நடக்கும் தகவல் பரிமாற்றங்களில் இதுதான் ஆக இலகுவானது. சண்டை ஓய்ந்துவிட்டது, வெடி போக வேண்டும் என்பதில் இரு பக்கத்துக்கும் ஒரே விருப்பம். அப்படியிருந்தும் இலங்கையின் வடக்கே வன்னியில் வேலை சிக்கியது, அதுவும் பனையிலேயே.

பங்கருக்குக் கூரை போடப் பனங்குற்றியைப் போலத் தோதான மரம் கிடையாது. இராணுவம், புலிகள் இரு தரப்பும் தறித்தன, மிச்சத்தை ஷெல் தறித்தது. முகமாலையைப் பாருங்கள். ஆனையிறவு 2000இல் புலிகளிடம் விழுந்த பிறகு 2009 தொடக்கம் வரை முன்னரங்கு பெரும்பாலும் அங்கேதான் நின்றது. (முகமாலை இருக்கும் பளைப் பக்கத்தை வன்னி என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. நிர்வாகப்படி அது கிளிநொச்சி மாவட்டம், அவ்வளவுதான்.) அங்கே தலை தப்பிய பனைகள் குறைவு. ஆக, கடதாசி பத்திரமாக இருக்கிறது, அது அளக்கத் தொடங்கிய இடம்தான் இல்லை.

அப்போ ஜிபிஎஸ் எண் கொடுத்தால் முடிந்ததே என்று தோன்றும். அதிலும் ஒரு பொறி உண்டு. நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவலையில் உள்ள ஒரு புள்ளியை அளவையின் அடியாகக் கொண்டவை (கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் கண்டாவளை இல்லை, பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று). பூமி எவ்வளவு உருண்டை, எவ்வளவு தட்டை என்று 19ஆம் நூற்றாண்டில் எவரெஸ்ட் என்ற நிலஅளவையாளர் போட்ட கணக்கைத்தான் அவை பின்பற்றின. ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கை. பழைய வரைபடத்தில் படித்த அகலாங்கு நெட்டாங்கை மாற்றாமல் அப்படியே ஜிபிஎஸ் கருவியில் போட்டால், வன்னியில் 200 மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த ஒழுங்கைப் பள்ளிக்கூடம் வரையான தூரம் அது. எண்ணைக் கொடுத்தவரும் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் பிழையாக வாசிக்கவில்லை.

போரின் கடைசி மாதங்களில் அவசரமாகப் புதைக்கப்பட்ட பலவற்றுக்குக் கடதாசியும் இல்லை. அங்கே கைகொடுப்பது ஊர்ச்சனம். எந்தப் பக்கம் மாடு செத்தது, காணியில் நெருப்பு வைத்தபோது எங்கே வெடித்தது, சண்டைக்குப் போட்ட மண் அணை எதுவரை ஓடியது என்று கேட்டுக் கேட்டு எழுதுவதுதான் கணக்கெடுப்பின் முதற்படி. எங்கள் சித்தப்பாவிடமும் வந்தார்கள். அவர்கள் நீட்டிய வரைபடத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இதில எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. வாங்கோ காட்டுறன்” என்று ஒழுங்கை முனை வரை கூட்டிக்கொண்டு போனார். “உந்தக் கிணத்துக்கு நேர வடக்கால நிண்டது பனை. அடிக்கட்டை மண்ணுக்குள்ள கிடக்கும்.”

ஆமியின் கடதாசி, சித்தப்பாவின் விரல், ஜிபிஎஸ் எண் மூன்றும் கடைசியில் போய்ச் சேரும் இடம் இம்ஸ்மா என்ற தரவுத்தளம். ஜெனீவாவில் உள்ள மனிதாபிமானக் கண்ணிவெடியகற்றல் மையம் பராமரிப்பது, 1999இலிருந்து பாவனையில் இருக்கிறது. வெடி இருக்கலாம் என்ற சந்தேகக் காணி, வெடி இருப்பது உறுதியான காணி, அகற்றி முடித்த காணி என ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கமும் எல்லைக்கோடும் உண்டு. இராணுவத்தின் வெடியகற்றல் பிரிவு, ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய தொண்டு அமைப்புகள் எல்லாரும் தங்கள் காணிக் கணக்கை அதே வடிவத்தில்தான் கொடுக்க வேண்டும். சீருடை போட்டவருக்குத் தனிப் படிவம் கிடையாது. என் கணிப்பில் இந்த ஏற்பாட்டின் முழுச் சூட்சுமமும் அதுதான். எந்த ஊரில் மீள்குடியேற்றலாம் என்று கச்சேரி (மாவட்டச் செயலகம்) முடிவெடுப்பதும் இதை வைத்துத்தான்.

வெடி இடம் மாறாது. வெள்ளம் இழுத்தால் தவிர, பத்து வருடம் பிந்திக் கிடைத்த தகவலும் உதவும். உயிரோடு நடமாடும் ஆட்களைப் பற்றிய தகவல் அப்படியில்லை. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் மாட்டியிருந்தவர்கள் சுமார் 70,000 என்றது கொழும்பு அரசு. உள்ளே நின்ற கச்சேரி அதிகாரிகளின் கணக்கு 3 இலட்சத்துக்கும் மேல். நிவாரணக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி, அதாவது அரிசி, மா, பருப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரைக் கிலோ. முதல் எண்ணை நம்பினால் நாளுக்கு 35 தொன், இரண்டாவதை நம்பினால் 150 தொன். போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்கள் 280,000க்கும் மேல்.

புதுக்குடியிருப்பு மருத்துவமனையில் எண் தகராறு கூட இல்லை. அது எங்கே இருக்கிறது என்று படைக்கு நன்றாகத் தெரியும், அடையாளமும் போடப்பட்டிருந்தது. அந்தச் சனவரிக் கடைசியிலிருந்து பெப்ரவரித் தொடக்கம் வரை அது திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டதாக ஐநா செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. தெரிந்த தகவலின்படி நடக்க வைப்பதற்கு எந்தத் தரவுத்தளத்திலும் பொத்தான் இல்லை.

சித்தப்பாவின் காணிக்கு ஆட்கள் இறங்கினார்கள். கிணற்றுக்கு வடக்கே இரண்டடி ஆழத்தில் கரிந்த அடிக்கட்டை அகப்பட்டது. அதிலிருந்து கடதாசியில் கிடந்த பாகைப்படி கயிறு பிடித்தார்கள். முதல் வரிசை கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

“பனையில பிழையில்லை. அளந்தவன் அவசரத்தில அளந்திருப்பான்” என்றார் சித்தப்பா.