பன்றி இதயத்தின் மேல் ஒரு சர்க்கரை

விரலில் கத்தி பட்டால் சில நாட்களில் தோல் கூடிவிடுகிறது. மாரடைப்பில் இறந்துபோன இதயத் தசை அப்படிக் கூடுவதில்லை. அங்கே தழும்புதான் விழும், தழும்பு துடிக்காது. வளர்ந்த மனிதரின் இதயத் தசைச் செல்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் புதுப்பிக்கப்படுகின்றன. முற்றிலும் தளர்ந்துபோன இதயத்துக்கு மாற்று இதயம் வேண்டும். ஆனால் தானமாகக் கிடைப்பவை மிகச் சொற்பம்.

பன்றியின் இதயம் அளவிலும் அமைப்பிலும் நம்முடையதை ஒத்தது. பன்றி வால்வுகளைப் பல பத்தாண்டுகளாகவே மனிதர்களுக்குப் பொருத்துகிறார்கள். ஆனால் அவை ரசாயனத்தில் பதப்படுத்திய, உயிரற்ற திசு. உயிருள்ள முழு இதயத்தை வைத்தால் நம் உடல் சில நிமிடங்களிலோ மணிகளிலோ அதை அழிக்கத் தொடங்கிவிடும்.

காரணம், பன்றிச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை. மனிதர்களும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாமப் பாதையில் அதை உருவாக்கும் திறனை இழந்துவிட்டார்கள். நம் குடலில் வாழும் சில பாக்டீரியாக்களிடமோ அதே போன்ற சர்க்கரை உண்டு. அதனால் சிறு குழந்தைப் பருவத்திலேயே அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நம் ரத்தத்தில் தயாராகிவிடுகின்றன. பன்றியையே பார்த்திராத குழந்தையின் ரத்தம்கூடப் பன்றி இதயத்தை எதிரியாக அடையாளம் காணும் என்பதை முதன்முதலில் படித்தபோது நான் வியந்துபோனேன்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில், மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர்கள் 57 வயது டேவிட் பென்னட்டுக்கு மரபணு திருத்திய பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். அந்தப் பன்றியிடம் பத்துத் திருத்தங்கள் இருந்தன. ஆல்ஃபா-கால் உட்பட மூன்று சர்க்கரைகளை உண்டாக்கும் மரபணுக்கள் முடக்கப்பட்டிருந்தன. ரத்தம் உறையாமலும் எதிர்ப்புச் சக்தி சீறாமலும் காக்க ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டிருந்தன. பத்தாவது திருத்தம், மார்புக்கூட்டுக்குள் இதயம் அளவு மீறி வளராமல் தடுப்பதற்கு.

அந்த இதயம் சுமார் இரண்டு மாதம் துடித்தது. வேறு வழியே இல்லாத நிலையில் இதற்குச் சம்மதித்த அந்த மனிதர் அத்தனை நாள் வாழ்ந்தார். பிறகு அந்த இதயத்தில் பன்றி வைரஸ் ஒன்றின் தடயம் கண்டறியப்பட்டது. முன்பே செய்த சோதனைகளில் அது சிக்கியிருக்கவில்லை.

2023 செப்டம்பரில் இரண்டாவது நோயாளிக்கும் அதே மருத்துவக் குழு பன்றி இதயத்தைப் பொருத்தியது. அவர் ஏறக்குறைய ஆறு வாரம் வாழ்ந்தார். பத்துத் திருத்தங்களையும் மீறி, அவருடைய உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது.