வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கும் முன்

கடலூரில் ஆடிட்டராக இருக்கிறேன். வரிக் கணக்குக்காக வருகிறவர்கள் கிளம்பும்போது கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், செம்மண்டலத்துல ஒரு வீடு விலைக்கு வருது. வாங்கி வாடகைக்கு விட்டுடலாமா?" ரிட்டையர்மென்ட் பணம் கைக்கு வந்தவர்கள்தான் இதில் அதிகம். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கை மட்டும் வாங்கிப் பார்ப்பேன்.

பத்திரச் செலவோடு 50 லட்சம் ஆகும் வீடு, மாத வாடகை 12,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000. போட்ட பணத்துக்கு 3 சதவீதம்கூட வரவில்லை. ஆள் மாறும்போது ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும், அதில் 12,000 போச்சு. சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் என்று 25,000 வைத்தால் கையில் நிற்பது 1,07,000. நம் ஊர் உப்புக் காற்று தனி. தேவனாம்பட்டினம் பக்கம் வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் எப்படி அரிக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். தளத்துக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்தால் அந்த வருஷ வாடகை கொத்தனாருக்குத்தான்.

வீட்டை மழைக்காலத்தில் பார்ப்பது நல்லது. ஏப்ரலில் தரகர் காட்டும் வீடு எல்லாமே காய்ந்துதான் இருக்கும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது பாண்டிச்சேரி ரெயின்போ நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சாத்தனூர் அணை திறந்ததும் கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் அதே கதை. அப்படி ஒருமுறை நனைந்த குடும்பம் அடுத்த ஐப்பசிக்குள் வேறு வீடு தேடும்.

வரி கட்டும் நேரத்தில் பெயின்ட், பிளம்பர் பில்லையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அவற்றுக்குத் தனிக் கழிவு கிடையாது. வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கழியும். அவ்வளவுதான். வீட்டுக்கடன் வட்டி வாடகையைத் தாண்டினால், புதிய வரி முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

அப்புறம் ஒப்பந்தம். பதினோரு மாதம் எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய வழக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாதம் எத்தனையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். பாண்டிச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிவிட்டால் இந்தச் சட்டம் செல்லாது, பாண்டிச்சேரிக்குத் தனிச் சட்டம். இரண்டு பக்கமும் வீடு வைத்திருப்பவர்கள் ஒரே நகலை எடுத்து இரண்டுக்கும் கையெழுத்து வாங்குவதைப் பார்க்கிறேன். போக்கியத்துக்கு விடுபவர்கள் இன்னும் மோசம்: மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்கிறார்கள். போக்கியம் என்பது அடமானம், பதியாத பத்திரம் இருவரையுமே காப்பாற்றாது.

பாண்டிச்சேரியில் வீடும் பிரான்சில் குடும்பமுமாக இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். உள்ளூர் உரிமையாளர் என்றால், தனிநபராகக் குடியிருப்பவர் மாத வாடகை 50,000 தாண்டினால்தான் அதிலிருந்து வரி பிடிக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டுவாசி என்றால் அந்த வரம்பே இல்லை: 8,000 ரூபாய் வாடகையானாலும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியவர் குடியிருப்பவர்தான். முத்தியால்பேட்டையில் மாடியில் குடியிருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நோட்டீஸ் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும். வாடகை குறைவு, வரியே வராது என்கிற உரிமையாளர்கள், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையில் விண்ணப்பித்து வாங்கி அவரிடம் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் முழுசாகப் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.