செயல்மீட்பி: திரிந்த புரதத்தை மீட்கும் மருந்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

புற்றுநோய் மருந்தியலில் ‘ரீஆக்டிவேட்டர்’ என்று வழங்கும் சொல், மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் தன் வேலையை இழந்துவிட்ட ஒரு காவல் புரதத்தோடு இணைந்து, அதைப் பழைய வடிவத்துக்கும் பழைய வேலைக்கும் திருப்பும் சிறு மூலக்கூறு மருந்தைக் குறிக்கிறது. இதற்குச் ‘செயல்மீட்பி’ என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல் என்பது என் கருத்து. அதன் பொருத்தம் விளங்க, இந்த மருந்து எதை மீட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இச்சொல் பெரும்பாலும் பி53 என்னும் புரதத்தை ஒட்டியே வழங்குகிறது. 1979-இல் கண்டறியப்பட்ட அப்புரதத்துக்கு, கூழ்மத்தில் (ஜெல்) நகர்த்தி அளந்தபோது அதன் நிறை ஏறக்குறைய 53,000 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் அலகு) என்று தோன்றியதால் அப்பெயர் வந்தது. 393 அமினோ அமிலங்களாலான அதன் உண்மையான நிறை 44,000 டால்டனுக்கும் சற்றுக் குறைவு. பெயரில் மட்டுமன்றிப் பொருளிலும் பிழை நேர்ந்தது. ஆய்வாளர்கள் முதலில் கையாண்டது பெரும்பாலும் திரிந்துபோன வடிவத்தை என்பதால், பத்தாண்டுக் காலம் அது புற்றைத் தூண்டும் புரதமாகவே எண்ணப்பட்டது. 1989-ஐ ஒட்டித்தான் அது புற்றைத் தடுக்கும் புரதம் என்பது தெளிவாயிற்று. உயிரணுவின் டி.என்.ஏ. சேதமுறும்போது உயிரணுப் பிரிவை நிறுத்துவதும், பழுது நீங்க இடமளிப்பதும், நீங்காதபோது அந்த உயிரணுவை மடியச் செய்வதும் அதன் பணிகள். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இதன் மரபணு மாறியிருக்கிறது.

இவ்வாறு புற்றைத் தடுக்கும் புரதத்தை ஆங்கிலத்தில் ‘டியூமர் சப்ரெசர்’ என்பர். அதில் முதற்சொல் வீங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்தும், அடுத்தது கீழே அழுத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும் வந்தவை. ‘கட்டி ஒடுக்கி’ என்று பெயர்த்தால், வளர்ந்துவிட்ட கட்டியை இப்புரதம் சுருக்குகிறது என்ற எண்ணம் எழும். அதன் வேலையோ கட்டி உருவாகாமல் காப்பது. ஆகவே ‘கட்டித்தடுப்புப் புரதம்’ என்பது தெளிவானது.

மரபணுவில் நேரும் மாற்றத்தைக் குறிக்கும் ‘மியூட்டேஷன்’ என்பதற்குச் சடுதிமாற்றம், பிறழ்வு, விகாரம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் விகாரம் என்ற சொல்லிடம் எனக்குத் தனிப் பற்று உண்டு. நம் இலக்கணம் புணர்ச்சியில் எழுத்துகள் அடையும் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுக்கிறது. மரபணுவின் எழுத்துகளிலும் ஓரெழுத்து புதிதாய்ச் சேரலாம், ஒன்று மற்றொன்றாய்த் திரியலாம், ஒன்று கெட்டு நீங்கலாம். பொன் என்பது குடத்தோடு சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ஓரெழுத்து திரிவதைப் போல, பி53-இல் காணும் மாற்றங்களில் பெரும்பாலானவை திரிதல் வகையைச் சேர்ந்தவை: மரபணுவில் ஓரெழுத்து மாற, புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. புரதம் முழு நீளத்தோடு இருக்கிறது, பல கட்டிகளில் அளவுக்கு மீறிக் குவிந்தும் கிடக்கிறது, வேலைதான் நடப்பதில்லை. மீட்பதற்கு ஒரு பொருள் கையில் இருப்பதால்தான் மீட்பு என்ற எண்ணமே இங்கு எழ முடிகிறது. புரதமே உருவாகாமல் போயிருந்தால் இவ்வகை மருந்து இணைய அங்கே எதுவும் இராது.

ஒரு திரிபை மட்டும் எடுத்துக்கொள்வோம். 220-ஆம் இடத்தில் இருக்கவேண்டிய டைரோசின், உருவில் பெரியது. அங்கே சிறிய சிஸ்டீன் வந்து அமரும்போது புரதத்தின் மேற்பரப்பில் ஒரு குழி விழுகிறது. அந்த இடம், பி53 தன் வேலைக்காக டி.என்.ஏ.-வைப் பற்றும் முகத்துக்குத் தொலைவில் இருந்தாலும், இயல்பிலேயே உறுதி குறைந்த அதன் மடிப்பு, அதாவது புரதச் சங்கிலி மடிந்து பெறும் வடிவம், அக்குழியால் மேலும் தளர்ந்து, உடல்வெப்பத்திலேயே குலைந்துவிடுகிறது. அக்குழியில் பொருந்தி அமரும் மூலக்கூறு மடிப்பைத் தாங்கி நிறுத்துகிறது. மடிப்பு நின்றால் டி.என்.ஏ.-வைப் பற்றும் திறனும் திரும்புகிறது. இத்தகைய மூலக்கூறு ஒன்று 2008-இல் வெளியிடப்பட்டது; இதே குழிக்கென உருவாக்கப்பட்ட ரெசட்டாபாப்ட் என்னும் மருந்து நோயாளிகளிடம் ஆய்வுக்குச் சென்றது.

‘சிறு மூலக்கூறு’ என்ற அடைக்கும் காரணம் உண்டு. ஏறத்தாழ 1,50,000 டால்டன் நிறையுள்ள நோயெதிர்ப்புப் புரதங்கள் உயிரணுவுக்குள் எளிதில் நுழைவதில்லை. பி53 பணிபுரிவதோ உட்கருவில். பொதுவாகச் சில நூறு டால்டன் அளவேயுள்ள மூலக்கூறுகளே அங்கே சென்றடைய வல்லவை.

இனி ‘மீட்பி’ என்ற சொல். ‘மறுசெயலூக்கி’ என்றும் சொல்லலாம். ஆனால் ஊக்குதல் என்பது இயங்கவல்ல ஒன்றை மேலும் முடுக்குவது. இங்கே நிகழ்வதோ இழந்ததைத் திரும்பப் பெறுவது, அதற்கு மீட்டல் என்ற வினையே நேரானது. வினையூக்கி, இயக்கி போன்ற சொற்களின் இகர ஈற்றை இதற்கும் கொடுத்தால் ‘செயல்மீட்பி’ அமைகிறது.

இப்பெயரை எல்லா மருந்துக்கும் உடனே சூட்டிவிடலாகாது. 2002-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்த பிரிமா-1 என்ற மூலக்கூறின் வழிவந்த எப்ரெனெடபாப்ட் என்னும் மருந்து, பி53-இன் சிஸ்டீன்களோடு வேதிப்பிணைப்புக் கொள்கிறது. அதே வேளையில் உயிரணுவைச் சேதத்திலிருந்து காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளையும் குறைக்கிறது. ஆகவே அதன் விளைவில் மீட்பின் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியதாயிற்று. மூன்றாம் கட்ட ஆய்விலும் அது முதன்மை இலக்கை எட்டவில்லை. 2004-இல் அறிவிக்கப்பட்ட நட்லின்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் வேறு வகை: திரியாத பி53-ஐ, அதை அழிவுக்கு அனுப்பும் எம்.டி.எம்.2 என்ற புரதத்தின் பிடியிலிருந்து அவை விலக்குகின்றன. ஆங்கிலத்தில் இரண்டையும் ரீஆக்டிவேட்டர் என்று சொல்வதுண்டு. தமிழில் பின்னதை ‘விடுவிப்பி’ என்று பிரித்து வழங்கினால், திரிந்த புரதத்தின் மேல் செயற்படுவது எது, திரியாததன் மேல் செயற்படுவது எது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.