மெமென்டோவில் பொறிக்கும் முன் அந்த மெகாவாட்டைச் சரிபாருங்கள்

போன ஆண்டு ஒரு சூரிய மின்நிலையத்துக்கு வங்கிக்கடன் கைகூடியதைக் கொண்டாட 60 அக்ரிலிக் மெமென்டோ கேட்டார்கள். விழாவுக்கு நான்கே நாள். வந்த வாசகத்தில் '140 மெகாவாட்' என்றிருந்தது. அவர்களுடைய அழைப்பிதழிலோ 100. போன் போட்டுக் கேட்டேன். "ரெண்டும் சரிதான் சார்" என்றார் பொறியாளர். சோலார் பேனல்களின் மொத்தத் திறன் 140. இன்வெர்ட்டர் வழியாக மின்கட்டமைப்புக்கு அனுப்ப அனுமதி 100. முதல் கணக்கை 'மெகாவாட் பீக்' என்று எழுத வேண்டும். அந்த 'பீக்' விட்டுப்போயிருந்தது. அப்படியே பொறித்திருந்தால், அனுமதிக்கு மேல் 40 மெகாவாட் கட்டியதாக 60 பேர் மேசையில் எழுத்து உட்கார்ந்திருக்கும்.

20 வருடமாகக் கோவையில் இந்தத் தொழில் செய்கிறேன். அதிகம் வருவது காற்றாலை, சோலார் வேலைதான். வடிவத்துக்குப் பத்து முறை திருத்தம் சொல்பவர்கள், வாசகத்தை ஒருமுறைகூட முழுதாகப் படிப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் மெமென்டோ கொடுக்கும் இந்த வழக்கம் பிறந்ததே வாசகத்தில்தான். அமெரிக்காவில் பங்கு, கடன்பத்திர வெளியீட்டை அறிவிக்கும் செய்தித்தாள் விளம்பரத்துக்கு 'டூம்ஸ்டோன்', அதாவது கல்லறைக் கல், என்று பெயர். 1933-ஆம் ஆண்டுச் சட்டம் அலங்காரப் பேச்சுக்கு இடம் தராததால் பெயர், தொகை, வங்கிகள் என்று கட்டம் கட்டி வறட்சியாக வரும். அதைச் சிறிதாக்கி அக்ரிலிக்குக்குள் பதித்து, உழைத்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். எண்ணெய் நிறுவன ஒப்பந்தம் என்றால் சிலவற்றில் உள்ளே கொஞ்சம் கச்சா எண்ணெயும் இருக்கும்.

மெகாவாட்டுக்கும் மெகாவாட் ஹவருக்கும் உள்ள குழப்பம் இன்னும் பெரிது. முதலாவது திறன், அடுத்தது மின்சாரத்தின் அளவு. ஒரு மெகாவாட் ஹவர் என்பது நம் வீட்டு பில்லில் வரும் யூனிட்டில் 1,000. பேட்டரி திட்டங்களுக்கு இரண்டையும் எழுதியே ஆக வேண்டும்: 100 மெகாவாட், 200 மெகாவாட் ஹவர் என்றால் முழுத் திறனில் இரண்டு மணி நேரம் தாங்கும். ஒன்றை விட்டால் திட்டமே வேறாகிவிடும்.

தேதியும் அப்படித்தான். கையெழுத்தான நாள், கடன் உறுதியான நாள், மின்உற்பத்தி தொடங்கிய நாள் மூன்றும் வெவ்வேறு. இடையில் மாதக்கணக்கில் ஓடிவிடும். எந்த நாளைக் கொண்டாடுகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் நான் இப்போது மெஷினைத் தொடுவதில்லை. காற்றாலைப் படம் என்றால் இறக்கைகளையும் எண்ணிப் பாருங்கள். இணையத்தில் எடுக்கும் படங்களில் நான்கு வந்துவிடுகிறது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் சுற்றுவதற்கு மூன்று.

எனக்கு மனம் ஒப்பாத ஆர்டர் ஒன்று உண்டு: 'இத்தனை நாள் விபத்தே இல்லை' என்ற கேடயம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடைக்கு அதிகாரிகள் வந்திருந்தார்கள். பணிநாள் இழப்பு விபத்து இல்லாமல் ஏழு ஆண்டுகள் கடந்ததைப் பாராட்டுவதும் அந்த வருகையில் ஒன்று. அன்றிரவே மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். நாள் கணக்குக்குப் பரிசு என்றால், கையில் அடிபட்டவர் அதைச் சொல்லவே தயங்குவார். அதனால் ஆபத்தைக் கண்டு வேலையை நிறுத்தியவர், பழுதை முன்கூட்டியே சொன்னவர் பெயரைப் பொறிக்கச் சொல்லிக் கேட்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அக்ரிலிக்கை ஸ்பிரிட்டாலோ கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ துடைக்காதீர்கள், மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி போதும். கிரிஸ்டல் உருண்டையை வெயில் விழும் ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம். அது பூதக்கண்ணாடி போல வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும், பக்கத்தில் உள்ள காகிதம் தீப்பிடிக்கும். இந்த எச்சரிக்கையை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தமிழில் அச்சடித்து வைக்கிறேன்.