அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களும் ஆட்டிசமும்

அட்லாண்டாவைச் சுற்றி வீடு வீடாகப் போய், சின்னக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினக் குடும்பத்தினர். தமிழ் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "அந்த ஏரியாவுக்கெல்லாம் தனியாவா போறீங்க?" என்பார்கள். அடுத்து, "அந்தப் பேரன்ட்ஸுக்கு இதுல அக்கறை இருக்குமா?" முதல் கேள்வியை விடுங்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் இந்த நாட்டில் டாக்டராகவும் தெரபிஸ்டாகவும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதே நினைப்போடுதான் சிலர் அந்தப் பெற்றோர் எதிரில் போய் உட்காருகிறோம்.

584 கறுப்பினக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2020இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. ஆட்டிசம் (மதியிறுக்கம்) என்று உறுதியானபோது அவர்களின் சராசரி வயது 64.9 மாதம். பெற்றோருக்கு முதல் கவலை வந்து அதற்குள் 42.3 மாதம் ஓடியிருந்தது. கழித்துப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே வீட்டில் கவனித்துவிட்டார்கள். மீதி மூன்றரை வருடமும் "ஆண் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான்" என்ற சமாதானத்திலும், வெயிட்டிங் லிஸ்ட்டிலும், ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டருக்கு அலைந்ததிலும் போகிறது. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தின் பெயரே 'பேபிஸ் கான்ட் வெயிட்' (குழந்தைகளால் காத்திருக்க முடியாது). அதில் சேரும் வயதைத் தாண்டிய பிறகுதான் பல பிள்ளைகளுக்கு விடை கிடைக்கிறது.

இந்தப் பாராமுகம் நேற்று வந்ததல்ல. 1943இல் பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள். ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை; பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஆட்டிசம் என்றால் இப்படிப்பட்ட குடும்பத்தில்தான் வரும் என்ற எண்ணம் அதன்பின் நெடுங்காலம் நின்றது. அதே அலறல், அதே ஓட்டம் ஒரு கறுப்பினச் சிறுவனிடம் தெரிந்தால் 'நடத்தைக் கோளாறு' என்று கோப்பில் ஏறியது. அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் ஆட்டிசக் கணக்கெடுப்பில் கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைத் தாண்டியது 2023இல் வெளியான அறிக்கையில்தான்: எட்டு வயதுக் கறுப்பினக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 29.3, வெள்ளையினக் குழந்தைகளில் 24.3. ஆட்டிசம் திடீரென்று பெருகிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. முன்பு எண்ணாமல் விட்டவர்களை இப்போது எண்ணுகிறோம் என்பதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

சரி, வீட்டுக்குள் போவோம். "சாப்பிட என்ன கொடுப்பீர்கள், அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள், இரவில் எங்கே தூங்குவான்?" எங்களுக்கு இவை படிவத்தில் இருக்கும் சாதாரணக் கேள்விகள். அந்த அம்மாவின் காதில் விசாரணை போல விழும். 18 வயதுக்குள் கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம் பேர் குழந்தை நலத்துறையின் விசாரணை ஒன்றையாவது சந்திக்கிறார்கள் என்று 2017இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அளந்து அளந்து பேசும் அம்மாவை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். எதற்காகக் கேட்கிறேன், யார் படிப்பார்கள் என்பதை நான் முதலில் சொல்லிவிடுவேன். பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டேன். கறுப்பினப் பெரியவர்களை 'மிஸ்ஸஸ்' என்று அழைக்க வெள்ளையர்கள் மறுத்த காலம் தெற்கில் இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. பெரியவர்களைப் பேர் சொல்லி அழைக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை.

தலைமுடி விஷயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு வரவில்லை. சுருள்முடியை அலசி, சிக்கெடுத்து, எண்ணெய் வைத்துப் பின்ன அரை நாள் ஆகும். தொடுதலே வலிக்கிற பிள்ளைக்கு அது நரகம். ஒரு வீட்டில் நாலு வயதுப் பையனுக்கு முந்தைய தெரபிஸ்ட் சொன்ன யோசனை, "ஒட்ட வெட்டிவிடுங்கள்". அதோடு அந்தக் குடும்பம் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. அந்தப் பின்னலைப் பாட்டிக்கு அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்.

நான் போனபோது பையன் பாட்டியின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான். தலையை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளிப். ஒரு பாகம் முடிந்ததும் கிளிப்பை எடுத்து அவன் கையால் டப்பாவில் போடவைத்தோம். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவனுக்கே தெரிந்தது. டேப்லெட்டில் 'நிறுத்து' என்ற பொத்தான். அவன் அழுத்தினால் சீப்பு நிற்க வேண்டும். "அப்புறம் எப்ப முடியறது?" என்று பாட்டி சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். முதல் முறை அவன் ஓயாமல் அழுத்தினான். நிஜமாகவே சீப்பு நிற்கிறது என்று நம்பிக்கை வந்த பிறகு அழுத்துவது குறைந்தது. பொம்மை காரை வைத்து நான் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க முயன்ற 'நிறுத்து', அவனுக்குச் சீப்பில்தான் புரிந்தது.

பேச்சுத் தேர்விலும் ஒரு பொறி உண்டு. "ஹீ பீ ப்ளேயிங்" என்று பிள்ளை சொன்னால், அவன் அடிக்கடி விளையாடுவான் என்று அந்த வீட்டு ஆங்கிலத்தில் பொருள். அதற்கென்று இலக்கணம் இருக்கிறது. எந்த வட்டார வழக்கும் குறைபாடு ஆகாது என்று எங்கள் துறையின் தேசியச் சங்கமான ஆஷா 1983இலேயே அறிவித்தது. இன்றும் அதைத் தப்பு என்று மதிப்பெண் குறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

போலீஸ் பயத்தைப் பற்றி நாங்கள் கேட்காமலே பெற்றோர் பேசுவார்கள், குறிப்பாகப் பையன் வளர வளர. 2016 ஜூலையில் வடக்கு மயாமியில், ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞர் நடுத்தெருவில் பொம்மை லாரியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு உதவ வந்த கறுப்பினப் பணியாளர் சார்ல்ஸ் கின்ஸி கைகளைத் தூக்கியபடி தரையில் படுத்து, அது பொம்மை என்று கத்திச் சொல்லியும் போலீஸ்காரர் சுட்டார். குண்டு கின்ஸியின் காலில் பாய்ந்தது, பிழைத்தார். ஆகவே 'நில் என்றால் நிற்பது', 'கையைப் பாக்கெட்டில் விடாமல் இருப்பது' ஆகியவற்றைப் பயிற்சி இலக்காகப் பெற்றோர் கேட்டால் எழுதிக்கொள்கிறேன். சில ஊர்களில் மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் போலீஸில் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். சில குடும்பங்கள் உடனே பதிகிறார்கள். சிலர் பிள்ளையின் பெயரை அந்த வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் படிவத்தைக் காட்டி விளக்குவேன். பதியச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை.